டிரெய்லர் ஹப்புக்குள் ஆத்துத் தண்ணி

2024 பங்குனியில், பிசான நெல் அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் டிரெய்லரில் 40 கிலோ மூட்டை 90 ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். பத்தமடை தாண்டியதும் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். தம்பி வண்டியை ஓரங்கட்டுவதற்குள் கருகிய கிரீஸ் வாடை வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிறது. ஹப்பில், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடத்தில், சூட்டில் கை வைக்க முடியவில்லை.

மூட்டையை வேறு வண்டிக்கு மாற்றி, சக்கரத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனோம். உள் பேரிங்கின் கூடு துண்டு துண்டாகக் கிடந்தது, உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன. ஆக்ஸில் முனையும் தேய்ந்து, வெல்டிங் வைத்துக் கடைசல் பிடிக்கிற அளவுக்குப் போயிருந்தது. பட்டறை அண்ணாச்சி நல்லாயிருந்த வலது ஹப்பையும் கழற்றச் சொன்னார். உள்ளேயிருந்து விரலால் வழித்து என் முன்னால் நீட்டினார். பால் ஊற்றிய காபி நிறம்.

"என்னவே, தண்ணிக்குள்ள நிறுத்தியிருந்தியளா?"

நிறுத்தியிருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறினபோது, தொழுவில் நின்ற டிரெய்லர் ஆக்ஸில் மட்டத்துக்கு இரண்டு நாள் தண்ணியில் கிடந்தது. வடிந்ததும் டிராக்டருக்கு இஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் மாற்றினோம். டிரெய்லரை வெளியே கழுவியதோடு சரி. அதில் இஞ்சின் இல்லை, அதனால் யாருக்கும் நினைப்பு வரவில்லை.

வெள்ளம் மட்டும் காரணம் இல்லை என்றார் அண்ணாச்சி. எங்கள் பக்கம் லோடு இறக்கிய கையோடு வண்டியைக் கன்னடியன் கால்வாயில் இறக்கிக் கழுவுவது வழக்கம். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணியில் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஹப்பை அடைக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகத் தண்ணியை உறிஞ்சிவிடும். அப்புறம் வண்டி அடுத்த அறுப்புவரை சும்மா நிற்கும். வலது பக்கத்துக் கப்பை, அதாவது உருளைகள் ஓடும் வெளி வளையத்தை, துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உருளைகள் தொட்டு நின்ற இடத்தில், அதே இடைவெளியில், வரிசையாகக் கறுப்புத் துருக்கோடுகள். ஓடாமல் நின்றபோது விழுந்தவை. பேரிங் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கோட்டிலிருந்துதான் பொரிந்து உதிரும்.

இப்போது கழுவுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஆற விடுகிறோம். கார் நெல் அறுப்புக்கு முன்னும் பிசான அறுப்புக்கு முன்னும் ஜாக்கி போட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழற்றிவிடுவேன்.

பழைய கிரீஸின் மேலேயே புதிதை அப்பக் கூடாது. பேரிங்கை டீசலில் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். சிலர் காற்றடித்து பேரிங்கை விர்ரென்று சுழற்றுவார்கள், அது ஆபத்து. உள்ளங்கையில் ஓர் உருண்டை லித்தியம் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளை இடுக்கு வழியே பிதுங்கி வரும்வரை திணிக்க வேண்டும். ஒரு பேரிங்குக்கு நல்ல பொறுமை வேண்டும். வெளியே தடவியது மட்டும் உருளைக்குப் போய்ச் சேராது. சீலும், ஆக்ஸில் நட்டுக்குக் குறுக்கே போடும் ஸ்பிளிட் பின்னும் ஒவ்வொரு தடவையும் புதுசு. பேரிங் மாற்றினால் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய கப்பில் புதுக் கோன் (உருளைகளோடு வரும் உள் வளையம்) ஒத்துப் போகாது.

நட்டு விஷயத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம். ஸ்பானரில் பைப்பைச் சொருகி இறுக்குவது அவர் பழக்கம், சக்கரம் கழன்றுவிடும் என்ற பயம். இந்தக் கூம்பு உருளை பேரிங்குக்கு ஒரு மயிரிழை இடம் வேண்டும், இல்லையென்றால் சூடேறியே சாகும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் முட்டும்வரை மட்டும் திருப்பி, தளர்வுப் பக்கம் கிடைக்கிற முதல் துளையில் பின்னைப் போடுகிறேன். கழலாமல் காப்பது அந்தப் பின்தான். ஒரு சீசன் முழுக்க ஓட்டிக் காட்டிய பிறகே அப்பா பைப்பைத் தூரப் போட்டார்.

லோடோடு எங்கே நின்றாலும் தம்பி இறங்கி இரண்டு ஹப்பிலும் உள்ளங்கை வைத்துப் பார்க்கிறான். இளஞ்சூடு இருக்கலாம், இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நேற்று வலது பக்கம் கொஞ்சம் கூடுதல் என்றான். சீல் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றணும்.