கொள்கைப் பாடத்தை ரேஷன் கடைக்குக் கொண்டுபோவது

பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கைப் பாடம் எடுக்க வருவதற்கு முன்னால் பல வருடங்கள் சமூக ஆய்வுத் திட்டங்களில் வேலை பார்த்தேன். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், என்ன கார்டு, எத்தனை ஏக்கர், யாருக்கு என்ன உதவித்தொகை வருகிறது என்று திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை சம்பளம் கிடையாது. ஆசிரியர் வேலைக்கு வர அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, ஆய்வறிக்கையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்கள்தான். என் வகுப்பில் இருப்பவர்களோ நாளைக்கு குரூப் டூ, குரூப் ஃபோர் எழுதி தாலுகா ஆபீஸில் மனு வாங்கப் போகிறவர்கள். இவர்களிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

பாடத்திட்டப்படி முதலில் கோட்பாடுகள் வர வேண்டும். நான் அவற்றைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது இருந்த விதிகளை முதல் வாரமே கையில் கொடுத்துவிடுவேன். மாதம் 1,000 ரூபாய். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர் வரை, வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். உங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கிடைக்குமா, பாருங்கள் என்பேன்.

கொஞ்ச நேரத்தில் வகுப்பே சத்தமாகிவிடும். "பெரியப்பா வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே மீட்டர் மேடம், யூனிட்டை யார் கணக்குல எழுதுறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அப்பா கொத்தனார், மழைக்காலத்தில் வேலையே இருக்காது, ஆண்டு வருமானம் என்று எதைச் சொல்வது என்று இன்னொரு பையன் கேட்டான். களத்துக்குப் போன எல்லோருக்கும் இது தெரியும். தினக்கூலியைக் கேட்டு, போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேட்டு, நடுவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து அதைத் திருத்தி, கடைசியில் ஒரு தொகை வரும். அப்படி வந்த தொகையை நம்பித்தான் உள்ளே யார், வெளியே யார் என்று கோடு போடுகிறோம்.

அப்புறம் ரேஷனுக்கு வருவோம். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான விநியோகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும் அப்படியே தொடர்ந்தது. வசதியானவர்களுக்கு எதற்கு விலையில்லா அரிசி, காசு எங்கிருந்து வரும் என்று பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்ஜெட்டில் உணவு மானியப் பக்கத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போடச் சொல்வேன். ஆனால் என் நிலைப்பாட்டை மறைப்பதில்லை: தேவையில்லாத வீட்டுக்கு அரிசி போவதைவிட, தேவைப்படும் வீடு பட்டியலில் விடுபட்டுப் போவதுதான் பெரிய அநியாயம். பட்டியல் போட்ட இடங்களில் விடுபட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு கடைக்குக் கூட்டிப்போவேன். ஒருமுறை வயதான அம்மா ஒருவருக்கு மெஷினில் கைரேகை விழவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் கட்டைவிரல். வேலை செய்து செய்து ரேகை தேய்ந்த கை. பேரனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாணவர்கள் அறிக்கையில் "கைரேகைப் பதிவு தோல்வி" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த அம்மா எவ்வளவு தூரம் நடந்து வந்தார், திரும்ப எப்போது வருவார், அன்றைக்குக் கூலி போனதா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். கொள்கை கடைசியில் வந்து நிற்கிற இடம் அந்த மெஷின்தான், அதை ஒரே வரியில் கடந்துபோகப் பழகியவர்கள் நாளைக்கு மனுவையும் அப்படித்தான் படிப்பார்கள்.

இந்தக் களநாட்களை வேலைநேரக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், கேட்டால் சிலபஸ் முடிந்ததா என்பார்கள். முடித்துவிடுகிறேன், சனிக்கிழமைகளில். இந்த செமஸ்டருக்கு முதியோர் ஓய்வூதியத்தை எடுத்திருக்கிறோம். தள்ளுபடியான மனுக்களில் என்ன காரணம் எழுதியிருக்கிறது, அது மனு போட்டவருக்குப் புரிந்ததா என்று பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.