மெட்டுக்கு மெட்டு நகர்ற மெட்டு

ரெண்டு வருஷம் மலேசியாவுல, சரவாக் மாநிலத்து மீரியில வேலை பாத்தேன். குடியாத்தத்துல பொறந்து பாலாத்தை முக்காவாசி நாள் மணலாவே பாத்து வளந்தவனுக்கு அங்க பாராம் ஆறு ததும்பி ஓடுறத பாத்தா எப்படி இருந்திருக்கும், நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம். அந்த மாதிரி ஆறுங்களோட மேல்பக்கம், காட்டுக்குள்ள கென்யா, கயான், கெலாபித்னு பழங்குடி ஜனங்க இருக்காங்க (ஆப்பிரிக்கா கென்யா இல்ல, இது வேற). மொத்தமா ஒராங் உலுன்னு சொல்வாங்க, மேலாத்து ஜனங்கன்னு அர்த்தம். அவங்க வாத்தியம்தான் சாபே.

என் கூட வேலை பாத்த ஒரு கென்யா பெரியவரு வீட்டுல தான் கிட்டத்துல பாத்தேன். ஒரே மரத்தை குடைஞ்சு செஞ்சது, படகு மாதிரி நீளமா இருக்கு, பின்பக்கம் மூடியே கிடையாது, திறந்தேதான் இருக்கு. முகப்புல சுருள் சுருளா வரைஞ்சிருந்தாங்க. முன்ன ரெண்டே கம்பிதான், இப்ப மூணு, நாலுன்னு போடுறாங்க. பாட்டு ஓடுறது ஒரு கம்பியிலதான், மத்ததெல்லாம் சுருதிக்கு.

அவரு ஒரு பாட்டு முடிச்சிட்டு அடுத்தத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கம்பிக்கு கீழ மெழுகுல ஒட்டியிருந்த பிரம்புத் துண்டு ஒண்ண, அதான் மெட்டு, பேத்து எடுத்து, ஒரு விரக்கடை தள்ளி வச்சு, கட்டைவிரலால அழுத்தி, மீட்டி பாத்து, திரும்பவும் லேசா தள்ளுனாரு. நம்ம வீணையிலயும் மெழுகுலதான் மெட்டு வைப்பாங்க, ஆனா வச்சா வச்சதுதான், இங்க பாட்டோட மெட்டு மாறுனா கம்பிக்கு கீழ இருக்கற மெட்டும் நகரணும். எனக்கு ரொம்ப பிடிச்சதே அதுதான்.

ஆதியில இது மேடைக்கு செஞ்சதே இல்ல, பல குடும்பம் ஒரே கூரைக்கு கீழ இருக்கற நீள வீட்டுல நோயாளிய குணமாக்குற சடங்குல வாசிச்சது, பொம்பளைங்க தொடக்கூடாதுன்னும் இருந்துச்சு. இப்ப அலேனா முராங் மாதிரி பொண்ணுங்க உலக மேடையில வாசிக்கறாங்க, மனசுக்கு அவ்ளோ சந்தோஷம். சரவாக் தலைநகர் கூச்சிங் பக்கத்துல 1998லேர்ந்து நடக்கற மழைக்காட்டு இசை விழாவுலயும் சாபே சத்தம் கேக்கலாம்.

அந்த சுருதிக் கம்பி சத்தம் கேட்டதும் எனக்கு தாத்தா ஞாபகம் வந்துடுச்சு, மார்கழி பஜனையில அவரு தம்புரா மீட்டிக்கினு போவாரு, நான் பின்னாடியே தூங்கிக்கினு நடப்பேன். அவருக்கு அப்புறம் அது பரண்ல கிடந்து குடம் விரிஞ்சு போச்சு, யாரும் எடுத்து பாக்கல, நானும்தான்.

அங்கேர்ந்தே நைனாவுக்கு போன் போட்டு சாபேகிட்ட புடிச்சேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "இன்னாடா இது, நம்ம வீட்டு தம்புரா மாதிரியே கீது, இன்னொரு தபா வாசிக்க சொல்லு"ன்னாரு. பெரியவருக்கு தமிழ் தெரியாது, ஆனா புரிஞ்சிக்கினு சிரிச்சாரு, திரும்பவும் மொதல்லேர்ந்து வாசிச்சாரு.