ஃபைவி கோட்டை: பேயின் பெயர் வெட்டிய கல்லும் அழும் கல்லும்

ஸ்காட்லாந்தில் பேய் இல்லாத கோட்டை ஒன்று இருந்தால்தான் அது செய்தி. பச்சை உடுப்பில் ஒரு சீமாட்டி, சாம்பல் உடுப்பில் இன்னொருத்தி, நள்ளிரவில் சீட்டாடும் பிரபு என்று கதைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். கேட்ட அரை மணி நேரத்தில் எந்தக் கதை எந்தக் கோட்டைக்கு என்று குழம்பிவிடும்.

அபர்டீன்ஷயரில் ஐதன் ஆற்றை ஒட்டியிருக்கும் ஃபைவி கோட்டை மட்டும் கொஞ்சம் தனி. இங்குள்ள பேய்கள் தடயத்தை விட்டுப் போயிருக்கின்றன. கல்லில் வெட்டிய ஒரு பெயர், தானாக நனையும் ஒரு கல், சுவரில் முளைத்த ஒரு காளான். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று பழமொழி சொல்லி இவற்றைத் தாண்டிப் போக முடியாது. மூன்றும் இருட்டில் மட்டும் தோன்றி மறைகிற சங்கதி இல்லை.

முதலில் கட்டடத்தின் வரலாறு, சுருக்கமாக. கோட்டைக்கு ஐந்து கோபுரங்கள்: பிரஸ்டன், மெல்ட்ரம், சீட்டன், கார்டன், லீத். அடுத்தடுத்து இதை வைத்திருந்த ஐந்து குடும்பங்களின் பெயர்கள் அவை. சீட்டன் 1596-இல் வாங்கினார், கார்டன் குடும்பத்தின் கைக்கு 1733-இல் போனது, அமெரிக்க எஃகுத் தொழிலில் பணம் சேர்த்த அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ்-லீத் 1889-இல் வாங்கினார். 1984 முதல் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது.

பச்சைச் சீமாட்டி என்று சொல்லப்படுபவர் லிலியஸ் டிரம்மண்ட். அலெக்சாண்டர் சீட்டனின் முதல் மனைவி. ஐந்தும் பெண் குழந்தைகள். ஆண் வாரிசு வேண்டும் என்று கணவன் அவரைப் பட்டினி போட்டுக் கொன்றான், அதே ஆண்டில் கிரிஸல் லெஸ்லி என்ற இளம்பெண்ணை மணந்தான் என்பது கதை. முதலிரவில் ஜன்னலுக்கு வெளியே பெருமூச்சு கேட்டுக்கொண்டே இருந்ததாம். விடிந்து பார்த்தால் ஜன்னலின் வெளிப்பக்க அடிக்கல்லில் லிலியஸின் பெயர் வெட்டப்பட்டிருந்ததாம். தரையிலிருந்து சுமார் 15 மீட்டர் உயரம். அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

ஆவணங்கள் சொல்வது வேறு. லிலியஸ் 1601 மே மாதம் இறந்தார். இறந்தது ஃபைவியில் இல்லை, தெற்கே ஃபைஃப் பகுதியில் உள்ள டால்கெட்டியில். அடக்கமும் அங்கேயே. சீட்டன் கிரிஸலை மணந்தது அதே ஆண்டு அக்டோபரில். ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பது உண்மைதான், ஊர் வாய் சும்மா இருந்திருக்காது. ஆனால் பட்டினிக்கு ஆதாரம் கிடையாது. சீட்டன் ஆசைப்பட்ட ஆண் வாரிசு கிடைத்தது மூன்றாவது மனைவி மார்கரெட் ஹே மூலம். இந்த விவரத்தைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, சொன்னால் கதையின் கூர் மழுங்கிவிடும்.

இப்போது கல். சுமார் 7 சென்டிமீட்டர் உயர எழுத்துகள். முதலில் ‘டேம்’ என்ற மரியாதைச் சொல்லின் முதலெழுத்து, பிறகு பெயர். அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். வெளியே அந்தரத்தில் நின்றால்தான் நேராகத் தெரியும். பேய்க்கதைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பார்கள். எனக்கு இதே விவரம் நேர் எதிரான ஆளைக் காட்டுகிறது. அந்தரத்தில் நின்று வேலை செய்கிற இன்னொருவன் உண்டு: சாரத்தில் நிற்கும் கல்தச்சன். வெளியே சாரத்தில் நின்று அடிக்கல்லில் எழுத்து வெட்டினால் இப்படித்தான் விழும். சீட்டன் அந்தக் காலத்தில் கோட்டையை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தவர். வீட்டுக்காரர், வீட்டுக்காரி பெயர்களையும் முதலெழுத்துகளையும் கல்லில் வெட்டி வைப்பது ஸ்காட்லாந்தில் அன்றாட வழக்கம், நிலைக்கல்லில் திருமண ஆண்டோடு வெட்டிய வீடுகள் எத்தனையோ உண்டு. இது என் ஊகம்தான். ஆனால் போகிறவர்கள் தாங்களே பார்த்து முடிவு செய்யலாம்.

பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேர் வெளிச்சத்தில் கல்லெழுத்து எதையும் காட்டாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும், அல்லது அனுமதி கேட்டு டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். உளி வெட்டு என்றால் பள்ளத்தின் இரண்டு சரிவும் அடியில் ஒரு கோட்டில் சந்திக்கும், ஒரு சரிவு வெளிச்சத்திலும் மற்றது நிழலிலும் இருக்கும். ஆணியால் கீறியது என்றால் பள்ளம் மேலோட்டமாக, ஓரம் பொடிந்து, வளைவுகளில் தடுமாறியிருக்கும். எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஒரே சீராக இருந்தால் முன்கூட்டியே கோடு போட்டு வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கோடு போட்டு வேலை செய்கிற பேயை நான் கேள்விப்பட்டதில்லை.

லிலியஸ் நடமாடுவதாகச் சொல்லப்படும் இடம் சீட்டன் கட்டிய பெரிய சுழல் படிக்கட்டு. கார்டன் குடும்பத்தார் பந்தயம் கட்டி இதில் குதிரை ஏற்றினார்கள் என்றொரு கதையும் உண்டு, அகலத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். திடீர்க் குளிர், தானாக அடித்துச் சாத்தும் கதவு, யாரும் இல்லாத காலடி என்று புகார்கள். இத்தகைய படிக்கட்டு, கட்டடத்தின் நடுவில் நிற்கும் புகைபோக்கி மாதிரி. குளிர்காலத்தில் உள்ளே சூடு இருந்தால் காற்று மேலே ஏறி வெளியேறும், கீழே கதவிடுக்கில் குளிர்காற்று நுழையும். கோடைப் பகலில் தலைகீழ்: கல் குளிர்ந்தே இருப்பதால் உள்காற்று கனத்துக் கீழே வழியும், படியடியில் நிற்பவருக்குக் கணுக்கால் சில்லிடும்.

இதைக் கணக்கிலும் பார்க்கலாம். 20 மீட்டர் உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் மேலுக்கும் கீழுக்கும் இடையே சுமார் 8 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும். கேட்டால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி 2 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கதவின் மேல் விழுந்தால் ஒன்றரை கிலோ எடையை வைத்துத் தள்ளியதுபோல. கீல் நன்றாக இருக்கும் கதவு அதற்கே நகரும். ஆளைக் குழப்புவது என்னவென்றால், மேல் மாடியில் ஒருவர் ஜன்னலைத் திறந்தால் கீழ்த்தளக் கதவு அறைந்து சாத்தும். செய்தவர் நான்கு மாடி தள்ளி இருப்பார், அவருக்கே தெரியாது. சோதிக்க மெழுகுவத்தி வேண்டாம், பழைய மாளிகையில் யாரும் அனுமதிக்கவும் மாட்டார்கள். டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். கணுக்கால் மட்டத்திலும் தலை மட்டத்திலும் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒரே கதவிடுக்கில் மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த் திசையிலும் தாள் ஆடுவது சகஜம்.

அடுத்தது அழும் கல். 13-ஆம் நூற்றாண்டுக் கவிஞர், குறி சொல்பவர் தாமஸ் தி ரைமர் கோட்டைக்கு வந்தபோது கதவு சாத்தப்பட்டதாம். மூன்று கற்கள் ஒன்று சேரும்வரை இந்தச் சொத்து தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் போகாது என்று சாபம் விட்டாராம். ஒரு கல் கோட்டைக்குள் காட்டப்படுகிறது, ஒன்று அடித்தளத்துக்குள் போய்விட்டது, ஒன்று ஐதன் ஆற்றில் என்பார்கள். உள்ளே இருக்கும் கல் சிலநேரம் ஈரம் கசியும், சிலநேரம் உலர்ந்திருக்கும். பக்கத்தில் எதுவும் நனையாமல் இது மட்டும் நனைவதுதான் அதிசயம்.

கல் நனைய இரண்டு வழிகள். ஒன்று, சுற்றுக் காற்றைவிடக் கல் குளிர்ந்திருப்பது. 18 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 12 டிகிரிக்குச் சற்று மேல் வரை குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். இன்னொன்று, கல்லுக்குள் உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கால்சியம் குளோரைடுக்கு 30 சதவீதம் சுமாரே போதும். உப்புள்ள கல் ஈரநாளில் அழும், உலர்ந்த நாளில் அடங்கும், பக்கத்துக் கல்லில் உப்பு இல்லாவிட்டால் அது சும்மா இருக்கும். எது என்று அறிய, உலர்ந்த நாளில் கல்லின் ஓரங்களையும் குழிகளையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு. பொடி இல்லாமல், காலையில் அறை சூடேறும்போது மட்டும் நனைந்தால் குளிர்ச்சி.

கோட்டையின் மூன்றாவது தடயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1920-இல் துப்பாக்கி அறைச் சுவரில் பெரிய காளான் ஒன்று வளர்ந்ததாகவும், சுவரை உடைத்தபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்ததாகவும், ஊர் இடுகாட்டில் புதைத்ததும் கோட்டையில் தொல்லைகள் ஆரம்பித்ததாகவும், திரும்பச் சுவருக்குள்ளேயே வைத்து அடைத்ததும் எல்லாம் அடங்கியதாகவும் சொல்கிறார்கள். எலும்பு யாருடையது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. லிலியஸுடையதாக இருக்க முடியாது, அவர் டால்கெட்டியில் இருக்கிறார்.

காளானைப் பற்றி மட்டும் நிச்சயமாகப் பேசலாம். இந்தக் குளிர்நாட்டுக் கட்டடங்களில் சுவரில் முளைக்கும் பெரிய காளான் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘டிரை ராட்’ என்ற மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சை. அதன் அறிவியல் பெயர் செர்புலா லாக்ரிமான்ஸ், இரண்டாம் சொல்லுக்கு லத்தீனில் ‘அழுகிற’ என்று பொருள். வளரும் பூஞ்சையில் நீர்த்துளிகள் கண்ணீர்போல நிற்பதால் வைத்த பெயர். அழும் கல் உள்ள கோட்டையில் அழும் பூஞ்சை, யாரும் திட்டமிட்டு அமைத்ததில்லை.

மரத்தின் ஈரம் 28 முதல் 30 சதவீதத்தை எட்டினால் இது பிடிக்கும், பிடித்த பிறகு 20-க்கு மேல் இருந்தாலே பிழைத்துக்கொள்ளும். 20 டிகிரி சுமார் வெப்பமும் அசையாத காற்றும் இதற்குச் சொர்க்கம். கல்லைத் தின்னாது, ஆனால் கல்லின் இடுக்குகள் வழியே வேர்போல இழைகளை நீட்டி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். பழைய கோட்டையில் இது பெரும்பாலும் நடக்கும் விதம் இதுதான்: கூரையோர நீர்க்கால்வாய் இலையாலோ பறவைக்கூட்டாலோ அடைபடும், தண்ணீர் தடித்த சுவருக்குள் இறங்கும், ஜன்னலுக்கு மேல் உள்ளே புதைத்த மர உத்தரம் ஊறும். உட்சுவரில் ரீப்பர் அடித்து அதன் மேல் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். ரீப்பருக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும். பூஞ்சை அதற்குள் பல மாதம் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, கடைசியில் காரையைத் துளைத்துக் காளானாக வெளியே வரும். வெளியே சிமென்ட் பூசி ‘சரிசெய்த’ சுவரில் இது இன்னும் மோசம், உள்ளே போன நீர் வெளியேற வழியில்லை. காளான் உதிர்க்கும் வித்துகள் துருச்சிவப்புப் பொடியாகத் தரையில் படியும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் காய்ந்த ரத்தம்தான்.

ஆக, காளான் எலும்பைக் காட்டவில்லை. அது தின்பது மரத்தை, எலும்பை இல்லை. அது காட்டியது ஒழுகும் கூரையை. திரும்ப அடைத்ததும் தொல்லை நின்றது என்ற பகுதியையும் நான் முழுக்கத் தள்ளமாட்டேன். சுவருக்குள் இருக்கும் அந்த இடைவெளி மாடிக்கு மாடி தொடர்ந்து போகக்கூடியது. உடைத்துத் திறந்தால் காற்றுக்கும் சத்தத்துக்கும் எலிக்கும் புது வழி கிடைக்கும். மூடினால் அந்த வழி அடைபடும்.

எக்காளப் பேயைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆண்ட்ரூ லாமி என்ற எக்காளக்காரனை விரும்பியதற்காக, டிஃப்டி ஆலைக்காரர் மகள் ஆக்னஸ் ஸ்மித்தை அவள் வீட்டாரே அடித்துக் கொன்ற கதை நாட்டுப்பாடலாக இருக்கிறது. ஆக்னஸின் கல்லறை ஃபைவி தேவாலய வளாகத்தில், ஆண்டு 1673. கோட்டை உச்சியில் எக்காளம் ஊதும் கற்சிலை ஒன்று டிஃப்டி பக்கம் பார்த்து நிற்கிறது. பேயைவிட அதுதான் பார்க்க வேண்டியது.

பேய் தேடும் கருவிகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்காந்த அலைமானி சுவருக்குள் ஓடும் ஒயரையும் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனையும்தான் காட்டும். போட்டோவில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள், லென்ஸுக்கு அருகே பறக்கும் தூசியில் ஃபிளாஷ் பட்டவை. ஃபிளாஷை அணைத்து அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்தால் காணாமல் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சின்னக் கருவி ஒன்றும், யார் எந்தக் கதவைத் திறந்தார் என்று நேரத்தோடு எழுதிய நோட்டும் இருந்தால் மற்றதெல்லாம் வீண் சுமை.

கடைசியாக, மெல்ட்ரம் கோபுரத்தில் மூடி வைத்த ரகசிய அறை. திறந்தால் கோட்டைக்காரர் செத்துப்போவார், அவர் மனைவிக்குக் கண் போகும் என்பது சாபம். 1984-க்குப் பிறகு கோட்டைக்காரர் ஓர் அறக்கட்டளை. அதற்குச் சாவும் இல்லை, மனைவியும் இல்லை. என்றாலும் காற்றே புகாத பழைய அறை உண்மையிலேயே அங்கே இருக்குமானால், திறப்பதற்கு முன் நேர் மேலே இருக்கும் நீர்க்கால்வாயை ஒருமுறை சுத்தம் செய்துவிடுவது நல்லது.