சாயல்குடியில் பீர் ஃபேக்டரி கிடையாது, பனை உண்டு

பீர் காய்ச்ச முதலில் நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் ஏராளமாக. ராமநாதபுரம் கடற்கரைக்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, அது வராத நாளில் வண்டித் தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர்கள் எங்களுடையவை. பார்லியும் விளையாது. அதனால் சாயல்குடிக்கு பீர் ஃபேக்டரி வந்து நான் பார்த்ததில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் உள்ளூரிலேயே பொங்கி, உள்ளூரிலேயே குடித்துத் தீர்ந்த சரக்கு ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுத வீட்டில் எல்லோருக்கும் கூச்சம், எழுதினால் பிள்ளை குடிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களாம். பேசட்டும்.

கள்ளைத்தான் சொல்கிறேன். பனங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, கன்னிராஜபுரம், நரிப்பையூர் என்று வண்டியை விட்டால் கூடவே வருவது பனைதான். கிணறு தோண்டினால் பல இடத்தில் உப்பு. அந்த மண்ணில் வேர் விட்டு, இனிப்புத் தண்ணீரை உச்சிக்கு ஏற்றிக் கொடுக்கிற மரம் அது. தை, மாசியில் பாளை வரும், ஆடி வரைக்கும் தொழில். பனையேறி பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயத்தை மாட்டுவார். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். ஒவ்வொரு தடவையும் நுனியை மறுபடி சீவ வேண்டும், அந்தச் சீவல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக விழ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் முனை காய்ந்து ஊறல் நின்றுவிடும். காய்ச்சல், கல்யாணம், சாவு எது வந்தாலும் மரத்துக்கு லீவு கிடையாது. காலில் தளைநார், இடுப்பில் அருவாள்பெட்டி, நெஞ்சு முழுக்கக் காய்ப்பு. இதைத்தான் நாம் இப்போது 'இயற்கை பானம்' என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறோம்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான். கலயத்தின் இடுக்கிலும் காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட், சொட்டுகிற சாற்றின் சர்க்கரையை மரத்திலேயே தின்ன ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பின் காரம் அதை வளரவிடாது. சுண்ணாம்பு இல்லாத கலயம் கீழே இறங்கும்போதே நுரைத்துக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் நாலஞ்சு சதவீதம் ஆல்கஹால் ஏறிவிடும், கிட்டத்தட்ட ஒரு சாதாரண பீர் அளவுக்கு. ராத்திரி தாண்டினால் புளிப்பு, அதற்கு மேல் விட்டால் காடி. மால்ட் வேண்டாம், அடுப்பு வேண்டாம், கொப்பரை வேண்டாம். ஆனால் ஒரு நாள்தான் ஆயுசு, அதனால் பக்கத்து டவுனுக்குக்கூட ஒழுங்காகக் கொண்டுபோக முடியாது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்ததில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

எங்கள் கரைக்கு வெளியூர் மது வந்ததும் இன்று நேற்று இல்லை. வைகை கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறதே, அங்கே தொல்லியல் துறை தோண்டியதில் ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடிகள் அவை. யவனர் கொண்டுவந்த மணமான தேறலைக் குடித்து இனிதாக இரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிற புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. ராஜாவுக்கு இம்போர்ட்டட் சரக்கு. சாதாரண ஆளுக்கு? காஞ்சிப் பக்கத்தைப் பாடுகிற பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டு அரிசிக் கள்ளுக்குச் செய்முறையே இருக்கிறது. கூழை வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, முளை கட்டிய தானியத்தில் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் ஊறவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்களாம். முளை கட்டிய தானியம் என்றால் மால்ட்தானே. ஆக பீரும் நமக்குப் புதுசு இல்லை.

சரி, கள்ளுக்கு வருவோம். வெள்ளைக்காரன் வந்ததும் மரத்துக்கு வரி போட்டான். 1886-ல் மதராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்க லைசென்ஸ், விற்கிற கடைக்கு ஏலம். அப்புறம் காங்கிரஸ் காலம், கள்ளுக்கடை மறியல், பெரியார் தன் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தது எல்லாம் தெரிந்த கதை. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி திறந்தார், கள்ளுக்கடையை 1973-லும் சாராயக்கடையை அடுத்த வருஷமும் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1987 ஜனவரி 1-ஆம் தேதி கள், சாராயம் இரண்டுக்கும் பூட்டு. கள்ளுக்கு அந்தப் பூட்டு இன்றுவரை திறக்கவில்லை.

நடுவில் திறந்திருந்த அந்தக் கொஞ்ச வருஷத்துக் கள்ளுக்கடைகளைத்தான் எங்கள் ஊர்ப் பெருசுகள் இன்னும் பேசுகிறார்கள். பனையோலைக் கொட்டகை, மணல் தரை, ஓரத்தில் வரிசையாகப் பானை. மொந்தையில் ஊற்றும்போது மேலே மிதக்கிற ஈயையும் தேனீயையும் ஊதிவிட்டுக் குடிக்க வேண்டும், முகம் சுளித்தால் 'டவுன்காரன்' என்று பெயர். தொட்டுக்கொள்ள சுட்ட கருவாடு, நண்டு, சுண்டல். "அது போதைக்குக் குடிக்கிறது இல்லப்பா, மேலு வலிக்குக் குடிக்கிறது" என்பார் எங்க தாத்தா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பாட்டி, "ஆமா, மேலு வலி மாசம் முப்பது நாளும் வந்துச்சு" என்பார். பாட்டி கணக்கில் அந்த மொந்தைகளெல்லாம் அரிசி. இரண்டு பேர் சொல்வதும் நிஜம் என்றுதான் எனக்குப் படுகிறது, கள்ளைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கலப்படமும் இருந்தது. பனை ஆறு மாசம்தான் சுரக்கும், தென்னையும் எங்கள் பக்கம் கொஞ்சம்தான். வருஷம் பூராவும் கடையில் பானை நிறைந்திருந்தால் அதில் பாதி என்னவென்று கேட்கத்தானே வேண்டும்?

ஆனால் கலப்படம் என்பதற்காகக் கள்ளைத் தடுத்தார்கள் என்பதை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. டாஸ்மாக் 1983-ல் மொத்த விற்பனைக்கு வந்தது, 2003-ல் சில்லறைக் கடையும் அரசாங்கத்துடையதே ஆனது. பாட்டிலை எண்ணலாம், லேபிள் ஒட்டலாம், லாரியில் ஏற்றலாம், குடோனில் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வரி பிடிக்கலாம். ஒரே நாளில் கெட்டுப்போகிற, மரத்துக்கு மரம் வேறு வேறு ஆள் இறக்குகிற சாமானை எப்படி எண்ணுவது? மரத்துக்கு நம்பர் போட்ட வெள்ளைக்காரனுக்கு அந்தப் பொறுமை இருந்தது. நம் ஆட்களுக்கு பாட்டில் வசதி. இன்று மூக்கையூரில் வலை இழுத்து வருகிற ஆள் குடிப்பது எங்கேயோ தூரத்து ஆலையில் ஸ்பிரிட்டில் செய்த குவாட்டர். கள்ளைப் போல எட்டு, பத்து மடங்கு காரம். பக்கத்துத் தோட்டத்துப் பனையில் சுண்ணாம்பு தடவாத கலயம் தொங்கினால் மட்டும் கேஸ்.

காரைக்காலில் கள்ளுக்கடை உண்டு, கேரளாவில் குடும்பத்தோடு போய் மீன்கறி சாப்பிடுகிறார்கள். அதை விடுங்கள், தனுஷ்கோடிக்கு எதிரே கடலைத் தாண்டினால் அதே பனை, அதே தமிழ். யாழ்ப்பாணத்தில் தவறணைகள், அதாவது கள்ளுக்கடைகள், இருக்கின்றன, பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்திருக்கிறார்கள், கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். பருத்தித்துறைப் பக்கம் திக்கத்தில் பனஞ்சாராயத்துக்கு வடிசாலையே கட்டினார்கள். ஒரு நாள் ஆயுசு என்ற சிக்கலுக்கு அங்கே விடை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் மிச்சம் இருப்பது கருப்பட்டிதான். கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குள் போய்ப் பாருங்கள், புகையில் கண் எரியும். பெரிய சட்டியில் பதநீர் கொதித்துப் பொங்கி வரும்போது அந்த அம்மா ஒரு ஆமணக்குக் கொட்டையை நசுக்கிப் போடுவார், பொங்கல் அப்படியே அடங்கும். மணிக்கணக்காகக் கிண்டிக் கூழ்ப்பதத்துக்கு வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆம்பளை மரம் ஏறுவதைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், அடுப்படி வேலை முழுக்கப் பெண்களுடையது, கூலிப் பேச்சில் அது வருவதே இல்லை. கருப்பட்டி விலையோ சீனியும் அச்சு வெல்லமும் கலந்து காய்ச்சுகிறவன் சொல்கிறதுதான். செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்பிய மரங்கள் கணக்கில்லை. 2021-க்கு அப்புறம் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது, நல்லது. ஏற ஆள்? எங்கள் தெருவில் ஏறத் தெரிந்த யாரும் தன் மகனை ஏறவிடவில்லை. எங்க தாத்தாவும் விடவில்லை, அதனால்தான் நான் உட்கார்ந்து இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் வந்தால் பதநீரைக் காலை ஒன்பது மணிக்குள் வாங்கிக் குடியுங்கள், பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்று சொல்லி ஓலைப் பட்டையில் கேளுங்கள். மத்தியானம் ரோட்டோரத்தில் கேனில் வைத்து விற்பதில் சாக்ரீன் இருக்கலாம். அடியில் லேசாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பயப்பட வேண்டாம்.