கோல் வலைக்குள் கேமரா வைத்த கதை: அலைச்சலும் ஒரு நல்ல படமும்

ஐஸ் ஹாக்கியில் கோல் வலைக்குள் ரிமோட் கேமரா வைத்துப் படமெடுக்க மூன்று இடத்தில் சம்மதம் வாங்க வேண்டும்: லீக், சொந்தக் களத்தில் ஆடும் அணி, அரங்க நிர்வாகம். முதல் இரண்டும் மின்னஞ்சலிலேயே முடிந்துவிட்டன. மூன்றாவது என்னைப் படாத பாடு படுத்தியது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று அரங்க அலுவலகத்திடம் தொலைபேசியில் கேட்டிருந்தேன். லீக்கின் அனுமதிக் கடிதம் இருந்தால் போதும் என்றார்கள். ஆட்டத்தன்று காலையில் கேமரா, அதைக் காக்கும் பெட்டி, கவ்விகள், இரும்புக் கம்பி என எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய் நின்றால் கவுன்ட்டரில் வேறொருவர் இருந்தார். கடிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். கையில் இருந்தது, நீட்டினேன். அதில் அரங்கத்தின் பெயர் இல்லை, காப்பீட்டின் பாதுகாப்பு அரங்கத்துக்கும் உண்டு என்று பெயர் குறிப்பிட்டு எழுதி வாங்கி வர வேண்டும் என்றார். காப்பீட்டு முகவரிடம் பேசி மதியத்துக்குள் அனுப்பச் சொல்கிறேன் என்றேன். முன்கூட்டியே வந்திருக்க வேண்டும், இன்று ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. சுமந்து வந்ததை அப்படியே திரும்பச் சுமந்தேன்.

அந்தச் சான்றிதழைக் கேட்டதில் எனக்கு மறுப்பு இல்லை. சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு, மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் வந்து விழும் இடம் அது. ஆட்டக்காரர்கள் வலைக்குள்ளேயே வந்து விழுவார்கள். அங்கே யாரோ ஒருவர் ஒரு பெட்டியைப் பொருத்தப் போகிறார் என்றால், அரங்கம் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கும். தொலைபேசியில் கேட்டபோதே அதைச் சொல்லியிருக்கலாம். ஆகவே இதில் இறங்குபவர்கள் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தேவையான ஆவணங்களின் பட்டியலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள், அனுப்பியவரின் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும். சான்றிதழில் அரங்கத்தின் முழுப் பெயரைப் பதிவுபெற்றபடியே எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள்.

திருத்திய சான்றிதழோடு அடுத்த முறை போனபோது அதே கவுன்ட்டரில் ஒரே நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

உள்ளே போன பிறகு எல்லாம் பனித்தளப் பணியாளர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களோடு நல்லபடியாகப் பழகாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. அங்கே மூத்தவர் ஒருவர் எனக்காகவே சீக்கிரம் வந்து கோல் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கோலின் வாய் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். உள்ளே நிறைய இடம் இருப்பதாகத் தோன்றும், ஆனால் ஆழம் மிகக் குறைவு. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். 2013இல் ஆழத்தை 44 அங்குலத்திலிருந்து 40 அங்குலமாகக் குறைத்தது. அந்த 4 அங்குலத்தின் அருமை பெட்டியோடு உள்ளே குனிந்தால் தெரியும். வழக்கமான இடம் பின்பக்க நடுப்பகுதி, தரையையொட்டிய அடிச்சட்டத்தின் மேல். நான் போனபோது அந்த நடுவிடத்தை வீடியோ மறுபரிசீலனைக்கான கேமரா பிடித்திருந்தது. அதைத் தொடக் கூடாது, அதன் பார்வையை ஒரு விரல்கூட மறைக்கக் கூடாது. இதை எந்தக் கடிதமும் எனக்குச் சொல்லவில்லை. மூத்தவர்தான் பெட்டியைச் சற்று இடப்பக்கம் தள்ளி, அடிச்சட்டத்தின் வெள்ளை மெத்தைக்குப் பின்னால் பதுக்க வழிசெய்தார். வட்டு மெத்தையில் பட்டு உள்ளேயே நிற்க வேண்டும், பெட்டியில் பட்டு வெளியே தெறித்தால் கோலா இல்லையா என்ற தகராறு வந்துவிடும்.

தகராறு வேறு வடிவில் வந்தது. ஆட்டத்துக்கு மூன்று பீரியட், அதாவது மூன்று பகுதிகள். ஒவ்வொன்றும் தொடங்கும் முன்பு லைன்ஸ்மேன்கள் என்னும் துணை நடுவர்கள் வலைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு நடுவரை அழைத்தார். பெட்டி கறுப்பு, வட்டும் கறுப்பு. வட்டு அதையொட்டிக் கிடந்தால் எங்களுக்குத் தெரியாது, கழற்றுங்கள் என்றார் நடுவர். நியாயமான பேச்சு. கழற்ற நேரம் இல்லாமல் நான் திகைத்து நிற்கையில், அணியின் உபகரணப் பொறுப்பாளர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஹாக்கி மட்டையில் சுற்றும் வெள்ளை டேப் சுருள் ஒன்றை வீசினார். முகப்புக் கண்ணாடியைத் தவிர ஓர் இடம் விடாமல் சுற்றினேன். நடுவர் குனிந்து பார்த்தார், தலையசைத்தார். அப்போது வந்த நிம்மதி, பின்னால் படம் கிடைத்தபோது வந்த மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததில்லை. நீங்கள் வெள்ளைப் பெட்டியோடே போங்கள்.

கேமரா அமைப்பில் பெரிய சிக்கல் இல்லை. 15 மி.மீ. ஃபிஷ் ஐ லென்ஸ், எஃப் 5.6, குவியம் 1.3 மீட்டரில், முக்கால் மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும். குவிய வளையத்தை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். ஷட்டர் 1/1000 அல்லது அதற்கும் வேகமாக. வெளிச்ச அளவைக் கேமராவின் முடிவுக்கு விடாதீர்கள். வெள்ளைப் பனியைப் பார்த்து ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டடித்துவிடும். சத்தம் வராது என்பதற்காக மின்னணு ஷட்டரை நாடினால் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும். நான் இயந்திர ஷட்டரையே வைத்தேன், சத்தம் கேட்கும் என்று இரு கோல் கீப்பர்களிடமும் முன்பே சொல்லிவிட்டேன். முகப்புக்குப் பாலிகார்பனேட்தான் போட வேண்டும். அக்ரிலிக் அடிபட்டால் உடைந்து தெறிக்கும், பனியில் கிடக்கும் சில்லில் யாராவது விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கேமராவைத் தூரத்திலிருந்து இயக்கும் ரேடியோதான் அடுத்த தலைவலி. காலியான அரங்கில் சோதித்தபோது ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கேமரா பதில் சொன்னது. கூட்டம் நிறைந்து, ஒளிபரப்புக் குழுவும் தன் கருவிகளை இயக்கிய பிறகு, பாதி அழுத்தங்கள் போய்ச் சேரவே இல்லை. ரிசீவர் இரும்புச் சட்டத்துக்குள்ளே, தரையோடு தரையாக இருந்தது, நானோ எதிர் மூலையில் ஜனங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கோலுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பின் ஓரமாக சமிக்ஞையை வாங்கித் திரும்ப அனுப்பும் ஓர் இடைநிலைக் கருவியை வைத்ததும் சரியானது. மற்றப் புகைப்படக்காரர்கள் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ரேடியோ கருவியை, அதாவது டிரிக்கரை, இரவல் வாங்குபவர்கள் அது எந்த நாட்டுக்கானது என்று பாருங்கள்: அமெரிக்காவில் விற்கும் பாக்கெட்விசார்ட் டிரிக்கர் 340 முதல் 354 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், ஐரோப்பாவில் விற்பது 433 மெகாஹெர்ட்ஸில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. கேமரா தூங்கிப்போகாமல் அரை அழுத்தத்திலேயே விழித்திருக்கச் செய்யும் கேபிளும் அவசியம். கோல் விழும் கணத்தில் அது கண் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் இடைவேளையில்தான் உண்மையான அடி விழுந்தது. பனியைச் செப்பனிட ஸாம்போனி வண்டி வரும் முன் இரண்டு கோல்களையும் பனியில் ஊன்றிய முளைகளிலிருந்து தூக்கி ஓரத்துக்குக் கொண்டுபோவார்கள். மூத்தவர் அப்போது வேறு வேலையில் இருந்தார். புதிதாக வந்த இளைஞர், தூக்க வசதியாக இருக்கிறதென்று என் பெட்டியையே பிடித்துத் தூக்கிவிட்டார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியது அவர் காதில் விழவில்லை. கோலைத் திரும்ப வைத்ததும் ஆட்டம் தொடங்கிவிட்டது, பனியில் கால் வைக்க எனக்கு அனுமதி இல்லை. இரண்டாம் பீரியட் முழுக்க எடுத்த படங்களில் மெத்தையின் ஓரமும் அரங்கக் கூரையும்தான் இருந்தன. அந்தப் பீரியட்டில் அதே கோலில் அருமையான ஒரு கோல் விழுந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாம் இடைவேளையில் மூத்தவரே என்னை வாசலருகே வரவழைத்து, கோலை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கோணத்தைச் சரிசெய்து, கவ்வியை இறுக்கி, இரண்டாவது கவ்வி ஒன்றையும் போட்டேன். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே டேப்பில் ஒரு கோடு கிழித்தேன், நகர்ந்தால் தூரத்திலிருந்தே தெரியும். பாதுகாப்புக் கம்பி தளரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். முகப்பில் கோல் கீப்பரின் ஸ்கேட் சீவித் தெறித்த பனித்தூள் படர்ந்திருந்தது. அதை மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள், காகிதத்தால் தேய்த்தால் கீறல் விழுந்து பெட்டியின் கண்ணே மங்கிவிடும்.

எந்த முனைக் கோலில் வைப்பது என்பதையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள். ஒவ்வொரு பீரியட்டுக்கும் அணிகள் முனை மாறும். உங்களுக்கு வேண்டிய அணி முதல் பீரியட்டில் எந்தக் கோலைத் தாக்குமோ, அதையே மூன்றாவதிலும் தாக்கும். கேமரா அங்கே இருந்தால் இரண்டு பீரியட் கிடைக்கும். என் அணி அந்தக் கணக்குப்படிதான் மூன்றாம் பீரியட்டில் என் கேமராவை நோக்கி வந்தது. வலது பக்கமிருந்து வந்த பாஸை ஒருவர் தட்டிவிட, கோல் கீப்பர் கால்களை விரித்துச் சரிந்தார். நான் வட்டை எங்கும் தேடவில்லை, அடிப்பவரின் தோளை மட்டும் பார்த்து விரலை அழுத்தினேன். கிடைத்த வரிசையில் ஒரு படம்: வட்டு கோட்டைத் தாண்டி லென்ஸுக்கு நேராக வருகிறது, அதன் ஓரத்து வரிகள்கூடத் தெரிகின்றன. கோல் கீப்பர் கழுத்தைத் திருப்பி அதையே பார்க்கிறார், முகக்கம்பிக்குள் அவருடைய கண் தெரிகிறது. அவருக்குப் பின்னால் அடித்தவரின் கை உயரத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கோணத்தை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் டேவிட் க்ளூதோவும் கெட்டி இமேஜஸ் பட நிறுவனத்தில் புரூஸ் பென்னெட்டும் எடுத்த படங்களில் பார்த்து ஏங்கியவன் நான். அதற்குப் பக்கத்திலாவது போயிருக்கிறேன் என்ற நிறைவு இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் நிதானமாகக் கழற்றலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த பயிற்சி நேரத்துக்காகப் பணியாளர்கள் கோலை உடனே எடுத்துவிடுவார்கள், சாவியும் திருகியும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். குளிரில் கிடந்த கேமராவை நேராகச் சூடான அறைக்குக் கொண்டுபோனால் லென்ஸின் உள்ளேயும் ஈரம் கட்டிக்கொள்ளும். பனியின் ஓரத்திலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை திறக்காதீர்கள். கார்டைக் கேமராவோடு பைக்குள் விட்டுவிட்டால், பத்திரிகைக்குப் படம் அனுப்பும் நேரம் அந்தப் பை திறக்கும்வரை காத்திருக்காது.