சேர்வர் மாற்றிய பிறகு நான் பட்ட பாடு

எங்கள் அலுவலகத்தில் புதுச் சேர்வர் (எல்லோருடைய பைல்களையும் ஒரே இடத்தில் வைக்கும் பொதுக் கணினி) போட்டுவிட்டு "வேலை முடிந்தது" என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன ஆக்கள் இப்போது போன் எடுப்பதே குறைவு. எடுத்தாலும் "சேர்வர் ஓகே சேர், அது யூசர் பிரச்சினை" என்று ஒரே பதில்தான். அந்த யூசர் பிரச்சினைகள் எல்லாம் வந்து விழுந்தது என் மேசையில். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சின்னச் சங்கமோ நிறுவனமோ நடத்துகிறவர்கள் யாராவது பொதுக் கணினியை மாற்ற நினைத்திருந்தால் இதை ஒருதரம் வாசியுங்கள். வயிற்றெரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று, நான் கணினிக்கென்று வேலைக்கு எடுத்த ஆள் இல்லை. வெளிக்கள உத்தியோகத்தர். களுவாஞ்சிக்குடிப் பக்கம் சங்க அலுவலகம், வேலை முழுக்க வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும் என்று யாரோ ஒருநாள் சொல்லிவிட்டதால் அன்றிலிருந்து பிரிண்டரில் தாள் சிக்கினாலும் கூப்பிடுவது என்னைத்தான்.

எங்களிடம் இருந்தது விண்டோஸ் 7 போட்ட ஒரு சாதாரண மெஷின். அதில் ஒரு போல்டரைப் பகிர்ந்து வைத்து எல்லோரும் அதற்குள்தான் கடன் பதிவு, கடிதம், கூட்ட அறிக்கை எல்லாம் போட்டு வந்தோம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது என்பது ஒருபக்கம், இன்னொரு பக்கம் அதில் ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் விடாது. பின்னேரம் வெளிக்களத்தில் இருந்து எல்லோரும் திரும்பி வந்து அறிக்கை போட உட்கார்ந்தால் பிந்தி வந்தவருக்குப் போல்டர் திறக்காது. அதனால் விண்டோஸ் சேர்வர் 2019 போட்ட புது மெஷின், ஆளாளுக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட், அந்தக் கணக்குகளை எல்லாம் சேர்வரே பார்த்துக்கொள்ளும் டொமைன் என்ற முறை என்று முடிவானது. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்காரர் விலை கொடுத்தார், எடுத்தோம். சனி ஞாயிறில் வந்து பைல்களை எல்லாம் கொப்பி பண்ணி, எல்லா மெஷினையும் டொமைனில் சேர்த்துவிட்டுப் போனார்கள். அது வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை கணக்குப் பகுதி மிஸ் புதுப் பெயரில் உள்ளே போய்ப் பார்த்தால் டெஸ்க்டொப் வெறுமையாகக் கிடக்கிறது. ஓய்வு பெற ஒரு வருசம்தான் இருக்கிறது அவவுக்கு, நிதானமான மனுசி. "என்ட பைல் ஒண்டையும் காணல்லயே மனே, ஆரு அழிச்ச?" என்று கேட்டு முடிக்கும் முன்பே பக்கத்து அறையில் இருந்தும் அதே சத்தம். பத்து நிமிடத்தில் அலுவலகம் முழுக்க டேட்டா எல்லாம் போய்விட்டது என்று கதை பரவி, முகாமையாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒன்றும் அழியவில்லை. டொமைனில் சேர்ந்ததும் விண்டோஸ் அந்த ஆளைப் புது ஆளாகத்தான் பார்க்கும். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் சரி, புதிதாக ஒரு போல்டர் உண்டாக்கி அதைத்தான் காட்டும். பழைய டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ் எல்லாம் அதே மெஷினில் சி டிரைவில் யூசர்ஸ் என்ற போல்டருக்குள் பழைய பெயரில் அப்படியே இருக்கும். கடைக்காரர் கொப்பி பண்ணியது பொதுப் போல்டரை மட்டும்தான், டெஸ்க்டொப்பில் ஆக்கள் பைல் வைப்பார்கள் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் பொதுப் போல்டரில் வைப்பதை விட டெஸ்க்டொப்பில்தான் வைப்பார்கள், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இதில் எனக்குக் கைகொடுத்த ஒரு வழி. லொகின் திரையில் பெயர் போடும் இடத்தில் முதலில் ஒரு புள்ளி, அடுத்து பின்பக்கம் சாய்ந்த கோடு, அதற்குப் பிறகு பழைய பெயர் என்று அடித்து, பழைய பாஸ்வேர்டைப் போட்டால் பழைய கணக்கு அப்படியே திறக்கும். டொமைனில் சேர்த்தாலும் மெஷினில் இருந்த பழைய கணக்குகள் தானாக அழிவதில்லை. அப்படித் திறந்து, வேண்டியதை டி டிரைவில் ஒரு போல்டரில் போட்டுவிட்டு, புதுப் பெயரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். மிஸ்ஸுக்கு முதலில் அதைச் செய்து காட்டினேன். டெஸ்க்டொப்பில் பேரப்பிள்ளையின் படம் பழையபடி வந்ததும்தான் முகம் தெளிந்தது. பைல் திரும்ப வந்தாலும் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் இந்த வழியில் வராது, அதையும் நினைவில் வையுங்கள். மாற்றுவதற்கு முன்பே அவற்றை ஆக்கள் எழுதியோ வேறு வழியிலோ எடுத்து வைப்பது நல்லது. வங்கிக் கணக்குப் பார்க்கும் பாஸ்வேர்ட் மறந்துபோய் இரண்டு பேர் வங்கிக்கே போய் நின்றார்கள்.

சரி, பைல் கிடைத்தது என்று மூச்சு விட்டால் அடுத்தது எழுத்து. பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழைக் காணோம், எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. வைரஸ் என்று ஒருவர் பயந்தே போனார். நம்ம ஊரில் பாமினி என்ற பழைய தமிழ் பொண்டில் (எழுத்துருவில்) டைப் பண்ணிப் பழகினவர்களுக்கு உடனே விளங்கும், அது பொண்ட் இல்லாத கோளாறு. ஆனால் மெஷின் அதேதான், நேற்று வரைக்கும் அதில் பாமினி இருந்தது, இன்று எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. தேடிப் பார்த்ததில் தெரிந்தது, விண்டோஸ் 10இல் 1809 பதிப்பில் இருந்து பொண்ட் பைலில் வலது கிளிக் பண்ணி 'இன்ஸ்டோல்' என்று கொடுத்தால் அது அந்த ஆளின் கணக்குக்குள் மட்டும்தான் போய் உட்காரும். ஆள் மாறினால் பொண்டும் இல்லை. அதற்குக் கீழே 'எல்லா யூசருக்கும் இன்ஸ்டோல்' என்று இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். மெஷின் மெஷினாகப் போய் அதைச் செய்தேன். இதைச் சொல்லித்தர கடைக்காரருக்குப் போன் எடுத்தபோது கிடைத்த பதில், "தமிழ் பொண்ட் எங்கட வேலையில் வராது." தமிழில்தான் அலுவலகமே நடக்கிறது.

அப்புறம் பாஸ்வேர்ட். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம் எல்லாம் கலந்து வைக்கச் சொன்னதை எல்லோரும் ஒழுங்காக வைத்தார்கள். ஆனால் லொகின் திரையில் கீபோட் தமிழில் இருந்தால் நீங்கள் எவ்வளவு சரியாக அடித்தாலும் உள்ளே போவது தமிழ் எழுத்துத்தான், வெளியே தெரிவது வெறும் புள்ளிகள். நம்ம டைப்பிஸ்ட் ராத்தா அப்படித்தான் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறா. பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் என்ன அடிபட்டது என்று காட்டும். அழுத்தினால் உள்ளே முழுக்க 'ங'வும் 'ஞ'வும். இருவரும் சிரித்துவிட்டோம், ஆனால் அதற்குள் கணக்கு பூட்டுப்பட்டுவிட்டது. ஐந்து தரம் பிழைத்தால் பூட்டும்படி கடைக்காரர் வைத்திருக்கிறார்.

வேறு சிலருக்கு அவர்கள் ஒன்றுமே அடிக்காமலே கணக்குப் பூட்டுப்பட்டது. காரணம் கிரெடென்ஷியல் மனேஜர். முன்பு ஒருதரம் 'என்னை நினைவில் வை' என்று கொடுத்த பழைய பாஸ்வேர்டை விண்டோஸ் பின்னால் இருந்து தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும், ஆளுக்குத் தெரியாது. கொன்ட்ரோல் பனலில் அதைத் திறந்து சேர்வர் பெயரில் இருக்கிற பழைய பதிவை அழித்தால் சரி. ஒருவரின் கணக்கு மட்டும் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் பூட்டுப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பூட்டுப்பட்டதைத் திறக்க டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். அது எங்களிடம் இல்லை! எங்கள் காசில் வாங்கிய சேர்வரின் பாஸ்வேர்ட் கடைக்காரரிடம். போன் எடுக்கவில்லை, நேரே போவோம் என்று பஸ் ஏறினேன். காத்தான்குடியில் வழமையான நெரிசல், கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குள் இறங்கிக் கடைக்குப் போனால் கவுண்டரில் நின்ற பையன், "அண்ணன் அம்பாறைக்கு வேலையா போன, பாஸ்வேர்ட் அவர்ட லெப்டொப்பிலதான் இருக்கு" என்றான். வேறு யாரிடமும் எழுதி இல்லையா என்றேன். இல்லை. ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். இரவு வட்ஸ்அப்பில் வந்தது பாஸ்வேர்ட். பார்த்தால் கடையின் பெயரும் பின்னால் 123உம். இந்தக் கடை இதே பாஸ்வேர்டோடு வேறு எத்தனை அலுவலகத்தில் சேர்வர் வைத்திருக்கிறதோ தெரியாது. அன்றிரவே மாற்றி, கடித உறையில் போட்டு ஒட்டி, முகாமையாளரின் இரும்பலுமாரியில் வைக்கச் செய்தேன். நீங்கள் கையெழுத்து வைப்பதற்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மெஷினைப் பொருத்தி வைத்த அன்றே "முடிந்தது" என்று கையெழுத்து வைக்காதீர்கள், ஒரு கிழமையாவது ஆக்கள் அதில் வேலை செய்து பார்க்கட்டும்.

போட்டோக்கொப்பி மெஷின் கதை தனி. ஸ்கேன் பண்ணினால் நேரே பொதுப் போல்டரில் வந்து விழும் மாதிரி முன்பு இருந்தது. புதுச் சேர்வரில் விழவில்லை. அந்த மெஷின் எஸ்எம்பி 1 என்ற, நெட்வேர்க்கில் பைல் பகிரும் பழைய முறையில்தான் பேசும், சேர்வர் 2019 அந்த முறையைத் தானாகப் போட்டுக்கொண்டு வருவதில்லை. கொழும்பில் இருக்கிற முகவருக்குக் கோல் எடுத்தால் அவர் கேள்வியைக் கேட்டே முடிக்கவில்லை, "மெஷின் பழசு, புதுசுக்குக் கொட்டேஷன் அனுப்பட்டா?" என்றார். ஸ்கேன் கண்ணாடியும் ரோலரும் நன்றாகத்தான் இருக்கின்றன. கடைக்காரரோ அதிசயமாகப் போன் எடுத்து, எஸ்எம்பி 1ஐத் திரும்பப் போட்டுவிடுங்கள், இரண்டு கிளிக்தான் என்றார். 2017 மே மாதம் உலகம் முழுக்க மெஷின்களைப் பூட்டிக் கப்பம் கேட்ட வன்னாக்ரை பரவியது அந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். சங்கத்தின் கடன் பதிவு முழுக்க இருக்கிற மெஷினில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் போட்டோக்கொப்பி மெஷினின் செட்டிங்கைத் தோண்டிப் பார்த்ததில் எப்டிபி என்று, பைல் அனுப்ப இன்னொரு வழி இருந்தது. சேர்வரில் எப்டிபி சேவையைப் போட்டு, ஸ்கேனுக்கென்று ஒரு போல்டர், அந்தப் போல்டரைத் தவிர வேறு எதையும் தொட முடியாத ஒரு தனிக் கணக்கு என்று செய்தேன். எப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் போகும் என்பதால்தான் தனிக் கணக்கு, ரவுட்டரிலும் வெளியே இருந்து யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஸ்கேன் போல்டரில் விழுந்தபோது எனக்குச் சம்பளம் விழுந்த சந்தோசம். செலவு ஒரு சதமும் இல்லை.

எக்செல் பைல்களில் இணைப்பு அறுந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஷீட்டில் இருந்து இன்னொரு ஷீட்டுக்குப் பழைய மெஷினின் பெயரில் தொடுத்திருந்தார்கள், பெயர் மாறியதும் எல்லாம் நின்றுபோனது. ஒவ்வொரு பைலாகத் திருத்தப் போகாதீர்கள், புதுச் சேர்வருக்குப் பழைய பெயரை இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம், பழைய மெஷின் நெட்வேர்க்கில் இல்லாமல் இருந்தால் போதும்.

கரண்ட் போய் வந்த காலைகளில் மட்டும் ஒரு மெஷினால் பொதுப் போல்டருக்குள் போக முடியாமல் இருந்தது, அது என்னை நன்றாக அலைக்கழித்தது. கேபிளை மாற்றினேன், டொமைனில் இருந்து கழற்றித் திரும்பச் சேர்த்தேன், அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். பிறகு ஒருநாள் திரையின் மூலையைப் பார்த்தால் திகதி 2009. மதர்போட் பட்டரி செத்துக் கிடக்கிறது. சேர்வரின் நேரத்துக்கும் மெஷினின் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைன் ஆளை ஏற்காது. பழைய முறையில் நேரத்தை யாரும் பார்த்ததில்லை, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. 2032 என்ற அந்தச் சின்னப் பட்டரியை மணிக்கூட்டுக் கடையிலேயே வாங்கிப் போட்டேன்.

டொமைனில் பாஸ்வேர்டின் ஆயுள் யாரும் மாற்றாவிட்டால் 42 நாள், இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே நாளில் பாஸ்வேர்ட் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் முடியும். எங்களுக்கு அது மாதக் கடைசியில், சம்பளப் பட்டியல் போடுகிற அன்று வந்து நின்றிருக்கும், கலண்டரில் எண்ணிப் பார்த்ததால் தப்பினோம். பகுதி பகுதியாக முன்கூட்டியே மாற்றச் சொல்லிவிட்டேன்.

பழைய மெஷினை முகாமையாளர் இப்போது பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்து இடத்தைக் காலியாக்கச் சொல்கிறார். கணக்காய்வு ஆக்கள் வந்து முந்தின வருசக் கணக்குகளை எல்லாம் கேட்டு முடித்துப் போகும் வரைக்கும் அதன் ஹார்ட் டிஸ்கில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் அவ்வளவு சரியில்லை.