காத்திருப்பு நேரம்

டாக்சிக்காரனின் கணக்கில் 'காத்திருப்பு' என்று ஒரு வரி உண்டு. ஜேர்மனியின் கிளேவே நகரில் வான் ஓட்டிய காலத்தில் அந்த ஒரு வரிக்காக முதலாளியிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாம் ரைக்ஸ்வால்ட் காட்டுக்குள் இருக்கும், இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினரின் கல்லறைகளால் வந்தது. 1999 வரை பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக இருந்த பக்கத்து வேசே, 2003இல் பயணிகள் விமான நிலையமானது. மலிவு டிக்கெட்டில் இங்கிலாந்திலிருந்து வயதானவர்கள் வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு பழைய படமும் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கும். கொண்டுபோய் இறக்கிவிட்டு வாசலில் நிற்பேன். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து வருவார்கள். போய்க் கூப்பிட எனக்கு மனம் வராது. மீற்றரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு பிழை விட்டேன். "பிரிட்டிஷ் கல்லறை" என்று ஒரு குடும்பம் சொன்னதும் நேரே ரைக்ஸ்வால்டுக்கு ஓட்டிவிட்டேன். வாசலில் இரும்புப் பெட்டிக்குள் இருந்த பதிவேட்டைப் புரட்டினால் பெயரைக் காணோம். அவர்கள் தேடிய விமானப்படை வீரர் தெற்கே ரைன்பெர்க் கல்லறையில் இருந்தார். விமானம் விழுந்த இடத்திலேயே புதைத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. முதலில் டுசல்டோர்ஃப், கிரேஃபெல்ட், எசன் என்று அந்தந்த ஊர் இடுகாட்டில் புதைத்திருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு தோண்டியெடுத்து, சில பெரிய தோட்டங்களில் ஒன்றுசேர்த்திருக்கிறார்கள். அதன்பின் பகுதி, வரிசை, கல்லறை எண் மூன்றையும் கேட்காமல் வண்டியை எடுத்ததில்லை.

ரைக்ஸ்வால்டில் 7,500க்கு மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 4,000 பேர் விமானப்படையினர். ஆட்கள் இல்லாத நேரத்தில் நான் உள்ளே போய்க் கற்களை வாசிப்பேன். பெயர், பதவி, தேதி, வயது, கீழே வீட்டார் எழுதி அனுப்பிய ஓரிரு வரி. அடையாளம் தெரியாதவர் என்றால் பெயர் இருக்காது; கீழே 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்று இருக்கும். 1943 தேதிகள் நிறைய. ரூர் தொழில் நகரங்களை இரவிரவாகத் தாக்கிய வருடம் அது. மே 17ஆம் தேதிக் கற்களும் உண்டு. அணைகளை உடைக்கப் போன 19 லங்காஸ்டர் விமானங்களில் எட்டு திரும்பவில்லை. 53 பேர் செத்தார்கள். அவற்றில் ஒன்று, வேலையை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில், ரைன் ஆற்றில் எங்கள் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எம்மெரிக்கில் சுட்டு விழுத்தப்பட்டது. அந்த ஏழு பேரும் இங்கேதான். உடைந்த அணையின் வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பலர் சோவியத் நாட்டிலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட பெண்கள். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்குத் தப்பு.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். செத்தவர்கள் 55,573. எல்லாரும் தாங்களாகவே பேர் கொடுத்தவர்கள். சராசரி வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்றுதான். என் மகனுக்கு அப்போது இருபத்தொன்று. அந்த வயதுக் கல்லை மட்டும் வாசிக்காமல் கடந்துவிடுவேன்.

ஒருமுறை எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக வந்தார். அண்ணன் லங்காஸ்டரின் வாலில் இருந்து சுட்டவர். வழியில் பூக்கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு கொத்து வாங்கினார். 1944 அக்டோபர் 7ஆம் தேதியும், அடுத்த பெப்ரவரி 7ஆம் தேதி இரவும் இதே படைதான் கிளேவேயைத் தரைமட்டமாக்கியது. பூக்கடைக்காரியின் தாத்தா வீடும் அதில் போனது என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள்.

அம்மா உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தார். மற்றக் கற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, அண்ணனுடையதும் பக்கத்தில் உள்ள ஆறு கற்களும் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று கேட்டார். புல் வெட்டுகிறவர்கள் சொல்லி எனக்குக் காரணம் தெரியும். உடல்களைப் பிரித்து அடையாளம் காண முடியாவிட்டால், முழுக் குழுவையும் ஒரே குழியில் வைத்துவிடுவார்கள். இதை எப்படிச் சொல்வது? "ஏழு பேரும் ஒன்றாகவே இருக்கிறார்கள் அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அப்போ இந்தப் பூ போதாது."

திரும்பவும் கடைக்கு ஓட்டினேன். இன்னும் ஆறு கொத்து என்றதும் பூக்கடைக்காரி என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ஆறுக்கும் உரிய காசைச் சரியாக எண்ணி எடுத்துக்கொண்டாள். அப்புறம், வாடாமல் இருக்க ஒவ்வொரு கொத்தின் அடியிலும் ஈரத் துணியைச் சுற்றித் தந்தாள்.

வரும் வழியில் அம்மா என்னைப் பார்த்து, "உங்கள் ஊரிலும் போர் நடந்ததல்லவா?" என்றார். இலங்கை என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆம் என்றேன். எங்கள் பக்கத்திலும் இப்படி வரிசை வரிசையாகத் துயிலும் இல்லங்கள் இருந்ததையும், அவற்றை இராணுவம் புல்டோசர் போட்டுத் தள்ளியதையும் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அன்று அவருடைய நாள்.

ஆட்கள் இருக்கும்போது நான் உள்ளே போவதில்லை. ஆனால் ஆறு கொத்தையும் அந்த வயதில் அவர் எப்படித் தூக்குவார்? நான்கை நான் எடுத்துக்கொண்டேன். மீற்றரை நிறுத்த மறந்துபோனது. அடுத்த நாள் முதலாளி கேட்டபோது, அந்தக் காசை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.